சின்னம் செம்புக்குப் போகும் வழி

ஆம்பூரிலோ மேல்விஷாரத்திலோ ஒரு ஷூ கம்பெனிக்குப் புது ஆர்டர் வந்தால், வாங்குபவரின் சின்னமும் கோப்பாகக் கூடவே வரும். சாக் என்னும் உள்விரிப்பின் குதிகால் பக்கம் ஃபாயில், நாக்கில் எம்போஸ், சோலில் வார்ப்பு, பெட்டியில் அச்சு என்று எங்கெங்கே எந்த அளவில் அது விழ வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். சாம்பிள் அறையில் அனுபவம் உள்ளவர்கள் அந்தக் கோப்பை அப்படியே டை செய்பவரிடம் தள்ளிவிடுவதில்லை. முதலில் அளவைப் பார்ப்பார்கள். பெட்டியில் அழகாக இருக்கும் மெல்லிய கோடு தோலில் நிற்குமா, இரண்டு எழுத்துக்கு நடுவே உள்ள இடைவெளி அழுத்தத்தில் மூடிக்கொள்ளுமா என்று யோசிப்பார்கள். நிற்காது என்று தெரிந்தால் கோட்டைத் தடிப்பாக்கி, இடைவெளியை விரித்து, வாங்குபவரின் ஒப்புதலுக்குத் திருப்பி அனுப்புவார்கள். உலோகத்தில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.

இதே பாலாற்றுப் பக்கத்தில் மின்சுற்றுப் பலகை (பிசிபி) வரையும் மேசைகளும் இருக்கின்றன. 1984ல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக நிற்கும் வி.ஐ.டி. காட்பாடியில் இருக்கிறது. தந்தை பெரியார் பெயரிலான அரசுப் பொறியியல் கல்லூரியும் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் உயிரிப் பொறியியல் துறையும் பாகாயத்தில் இருக்கின்றன. இவை போக, இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு போர்டு செய்து தரும் சிறு பட்டறைகள் உண்டு. போர்டு வரைபவர் யாரானாலும் ஒரு கட்டத்தில் தன் நிறுவனத்தின் சின்னத்தை அதில் வைக்க விரும்புகிறார். அங்கேதான் தடுமாற்றம் தொடங்குகிறது. இணையதளத்திலிருந்து எடுத்த சிறு படம் உள்ளே போகிறது. வெளியே வரும் போர்டில் விளிம்பெல்லாம் படிக்கட்டாக, எழுத்தெல்லாம் வெள்ளைத் திட்டாக இருக்கிறது.

சின்னத்தைப் பிசிபி மென்பொருளுக்குள் கொண்டுபோக இதுவரை உண்டான வழிகள் எவை, ஒவ்வொன்றும் எங்கே உடைகிறது என்பதை இங்கே தொகுத்துப் பார்க்கிறேன். கூடவே ஒன்றை வலியுறுத்தவும் விரும்புகிறேன். இந்தத் தடுமாற்றத்தில் மென்பொருளின் பங்கு குறைவு. சின்னத்தைப் பார்ப்பதற்கான படமாக எண்ணுவதும், செய்வதற்கான வரைபடமாக எண்ணாததுமே பெரிய காரணம். தோல் வேலையில் இருப்பவர்கள் இதைக் கைப்பழக்கத்திலேயே அறிந்திருக்கிறார்கள். அந்த அறிவு அதே பகுதியில் இருக்கும் போர்டு மேசைக்கு வரவில்லை.

இந்தப் பழக்கம் இங்கே வேர்விட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட ஈ.ஐ. தோலைப் பாதிப் பதத்தில் ஏற்றுமதி செய்வதுதான் இந்தப் பகுதியின் பழைய வியாபாரம். சீதாராமையா குழு 1972ல் கொடுத்த பரிந்துரையை ஏற்று, பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியை மத்திய அரசு 1973 முதல் கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதனிட்ட தோலும், பிறகு ஷூவின் மேல்பகுதியான அப்பரும், பிறகு முழு ஷூவும் செய்ய வேண்டிய நிலை வந்தது. தோலாக விற்ற காலத்தில் வாங்குபவரின் முத்திரைக்கு இங்கே வேலை இல்லை. ஷூவாக விற்கத் தொடங்கியதும் ஒவ்வொரு ஜோடியும் யாரோ ஒருவரின் சின்னத்தைத் தாங்கிப் போக வேண்டியிருந்தது. சின்னத்தைப் பொருளில் இறக்குவது ஒரு தனித் திறமையாக இங்கே வளர்ந்தது அப்படித்தான்.

எம்போஸ் பிளாக்கும் பிசிபியும் உண்மையில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எழுத்துக்கோத்து அச்சடித்த காலத்தில் பத்திரிகைப் படங்களுக்கு 'பிளாக்' எடுப்பார்கள். துத்தநாகத் தகட்டின் மேல் ஒளியுணர் பூச்சு தடவி, படத்தின் நெகட்டிவை வைத்து ஒளி காட்டி, பூச்சு நின்ற இடம் தப்ப மற்ற இடத்தை அமிலம் தின்னும்படி செய்வார்கள். சிறு எண்ணிக்கைக்கு மக்னீசியத் தகட்டில் எடுக்கும் எம்போஸ் டை இன்றும் இதே முறைதான். தகட்டுக்குப் பதிலாகச் செம்புத்தாள் ஒட்டிய பலகை, அமிலத்துக்குப் பதிலாக ஃபெரிக் குளோரைடு என்று மாற்றினால் கல்லூரி ஆய்வகத்தில் பிசிபி செய்யும் முறை கிடைத்துவிடும்.

இந்த உறவு தற்செயல் அல்ல. அச்சிட்ட மின்சுற்றின் தந்தை என்று சொல்லப்படும் பால் ஐஸ்லர் 1907ல் வியன்னாவில் பிறந்தவர், பொறியியல் படித்தவர், அச்சுத் தொழிலில் வேலை பார்த்தவர். யூதர் என்பதால் அங்கே வாழ வழி இல்லாமல் 1936ல் இங்கிலாந்துக்குப் போனார். வானொலிப் பெட்டிக்குள் கம்பிகளைக் கையால் கோப்பதற்குப் பதிலாகச் செம்புத்தாளில் சுற்றை அச்சிட்டு அரித்து எடுக்கலாம் என்ற யோசனை அச்சகத்து மனிதருக்குத்தான் தோன்றியது. அவரை முதலில் ஆதரித்ததும் லண்டனில் இருந்த ஓர் அச்சு நிறுவனமே. காப்புரிமை விண்ணப்பம் 1943ல் போனது. அதற்கு முன் அவர் அணுகிய வானொலி நிறுவனம் ஒன்று, கம்பி கோக்கும் பெண்களின் கூலி இதைவிட மலிவு என்று சொல்லி மறுத்துவிட்டதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். குளோசிங் பிரிவில் வரிசையாகத் தைக்கும் பெண்களின் உழைப்பில் நிற்கும் ஆம்பூரிலிருந்து இதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

இரண்டாவது வியன்னாக்காரர் ஜோசப் கெர்பர். 1924ல் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி, 1940ல் தாயோடு அமெரிக்கா சேர்ந்தவர். மாணவராக இருந்தபோது பைஜாமாவின் எலாஸ்டிக்கை உருவி, நீட்டிச் சுருக்கக்கூடிய அளவுகோல் ஒன்றைச் செய்தார். அதுவே அவருடைய நிறுவனத்துக்கு அடித்தளம். துணியைக் கணினிக் கட்டளைப்படி வெட்டும் இயந்திரத்தை 1960களின் இறுதியில் அந்த நிறுவனம் கொண்டுவந்தது. அதே பத்தாண்டில் பிசிபிக்கான ஃபிலிமில் ஒளியால் கோடு வரையும் ஃபோட்டோபிளாட்டரையும் செய்தது. அந்தக் கருவிக்குக் கட்டளை சொல்ல எழுந்த கோப்பு வடிவம்தான் உலகத்தின் போர்டு தொழிற்சாலைகள் இன்றும் கேட்கும் கெர்பர் கோப்பு. 1980ல் முறையாக வெளியானது, 1998ல் விரிவாக்கப்பட்டது, 2014ல் மேலும் விவரங்கள் சேர்ந்தன. துணி, தோல் வெட்டும் பக்கமும் ஓயவில்லை: அந்தக் கிளையான கெர்பர் டெக்னாலஜியை 2021ல் பிரான்சின் லெக்ட்ரா வாங்கியது. கணினி வெட்டு வைத்திருக்கும் ஷூ தொழிற்சாலைகளில் லெக்ட்ரா, இத்தாலியின் ஆட்டம், கோமெல்ஸ் ஆகிய பெயர்கள் பழகியவை. பேட்டர்ன் வெட்டும் கத்தியும் செம்புக்கோடு வரையும் ஒளியும் ஒரே மனிதரின் நிறுவனத்தில் வளர்ந்தவை என்பது வேலூர்ப் பகுதியில் போர்டு வரைபவர் யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

கெர்பர் கோப்பின் இயல்பு புரிந்தால் பாதிச் சிக்கல் புரிந்துவிடும். அதில் படம் கிடையாது. இந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு இத்தனை அகலக் கோடு போடு, இந்த இடத்தில் இந்த வடிவத்தை ஒரு முறை பதி, இந்த எல்லைக்குள் நிரப்பு என்ற கட்டளைகள்தான் உண்டு. நேர்கோடும் வட்டவில்லும் அதற்குத் தெரியும்; எழுத்துருக்களும் ஓவிய மென்பொருள்களும் பயன்படுத்தும் பெசியர் வளைவு தெரியாது. ஆகவே எந்தச் சின்னமும் கடைசியில் சிறு சிறு நேர்கோடுகளாக உடைந்துதான் தொழிற்சாலைக்குப் போகும். அந்த உடைப்பை எந்தக் கட்டத்தில், யார், எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறார்கள் என்பதே பல வழிகளுக்கும் நடுவே உள்ள வேறுபாடு.

அடுத்து, போர்டில் சின்னம் உட்காரக்கூடிய அடுக்குகள். பெரும்பாலோர் தேர்வது சில்க்ஸ்கிரீன் என்னும் மேல் எழுத்து அடுக்கை. வெள்ளை மை; உறுப்புகளின் பெயர் எழுதும் அதே அடுக்கு. சாதாரணத் தொழிற்சாலைகள் 0.15 மி.மீ. கோடு வரை பொறுப்பேற்கும். எழுத்து உயரம் 0.8 முதல் 1 மி.மீ. வேண்டும் என்று கேட்கும். இன்னொன்று செம்பு அடுக்கு. வழக்கமான செம்பின் தடிமன் 35 மைக்ரான். அதில் மையைவிடக் கூர்மையாக வரும். மூன்றாவது சோல்டர் மாஸ்க் என்னும் பச்சைப் பூச்சு. அதில் சின்னத்தின் வடிவத்துக்குத் திறப்பு விட்டால் கீழே உள்ள செம்பு பொன் முலாமாகவோ ஈயப்பூச்சாகவோ மின்னும். மூன்றையும் பலகையின் நிறத்தையும் சேர்த்தால் நான்கைந்து நிறச் சித்திரமே தீட்டலாம். லாஸ் வேகாஸில் நடக்கும் டெஃப்கான் ஹேக்கர் கூட்டத்துக்கென ஆண்டுதோறும் செய்யும் பேட்ஜ் போர்டுகள் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றன.

இனி வழிகள். பழையதும் இன்றும் அதிகம் புழங்குவதும் பிக்சல் படத்தை மாற்றும் வழி. 1992ல் பிரான்சின் ழான் பியேர் ஷராஸ் தொடங்கிய கைகேட் என்ற இலவச மென்பொருளில் இதற்கெனவே ஒரு சிறு கருவி இருக்கிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கறுப்பின் எல்லையைத் தொடர்ந்து ஒரு பலகோணமாக்கி, போர்டில் வைக்கக்கூடிய உருவமாக, அதாவது ஃபுட்பிரின்டாகச் சேமிக்கும். எல்லை தொடரும் வேலையைச் செய்வது பீட்டர் செலிங்கர் 2001ல் வெளியிட்ட போட்ரேஸ். இங்க்ஸ்கேப் என்ற ஓவிய மென்பொருளில் படத்தை டிரேஸ் செய்வதும் அதுவே. ஈகிள் மென்பொருளில் பிட்மேப்பைக் கொண்டுவர ஒரு சிறு நிரல் இருந்தது. 1988 முதல் இருந்த அந்த மென்பொருளை 2016ல் ஆட்டோடெஸ்க் வாங்கியது, 2026 ஜூனோடு முடித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. ஆல்டியம் மென்பொருளில் இதற்கு ஸ்கிரிப்ட் உண்டு.

இந்த வழியில் தோற்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் தோற்கிறார்கள். போர்டில் சின்னத்துக்கு 12 மி.மீ. இடம் என்று வைத்துக்கொள்வோம். திரைக்கு ஏற்ற, அங்குலத்துக்கு 96 புள்ளிப் படத்தில் அந்த இடத்துக்குக் கிடைப்பது 45 பிக்சல்தான். எந்த டிரேஸ் கருவியும் இல்லாத விவரத்தை உண்டாக்க முடியாது. அங்குலத்துக்கு 1000 புள்ளி வைத்தால் அதே இடத்தில் 472 பிக்சல் கிடைக்கும். ஒரு பிக்சல் 0.0254 மி.மீ., அதாவது போர்டு தொழிலில் 'மில்' என்று சொல்லும் அளவு. அந்த நிலையில் பிக்சல் தொழிற்சாலையின் திறனைவிட நுணுக்கமாகிவிடுகிறது. படிக்கட்டு கண்ணுக்குத் தெரியாது. ஜேபெக் சுருக்கம் விளிம்பில் விட்டுவைக்கும் சாம்பல் அழுக்கு இன்னொரு தொல்லை: கறுப்பு வெள்ளையாகப் பிரிக்கும்போது அது தனித்தனிப் புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, டிஎக்ஸ்எஃப் வழி. பேட்டர்ன் அறையில் கணினி முன் உட்காருபவர்களுக்கு இது தாய்மொழி. இயந்திர வரைபடத்துக்குப் பிறந்த வடிவம் ஆகையால் போர்டின் வெளிக்கோட்டுக்கு இதைவிட நல்லது இல்லை. சின்னத்துக்கு ஒரு குறை உண்டு. கோடுகளைக் கொடுக்கும், எது உள்ளே, எது வெளியே என்பதைச் சொல்லாது. நுனி நுனியோடு சேராத இடம் ஒன்று இருந்தால்கூட நிரப்பு ஏறாது. அலகுச் சிக்கல் வேறு: மில்லிமீட்டரில் வரைந்ததை மென்பொருள் அங்குலமாக எடுத்துக்கொண்டால் சின்னம் 25.4 மடங்கு பெருத்துத் திரைக்கு வெளியே நிற்கும். அது உடனே தெரிந்துவிடும் என்பதால் அதிக ஆபத்து இல்லை.

ஆபத்தானது சிறு பிழை. மூன்றாவது வழியான எஸ்விஜி என்ற வெக்டர் வடிவத்தில் அது நடந்தது. இங்க்ஸ்கேப் 2017ல் 0.92 பதிப்பு வரும்வரை அங்குலத்துக்கு 90 அலகு என்ற கணக்கில் இயங்கியது. பிறகு 96 ஆனது. பழைய கோப்பைப் புதிய கணக்கில் திறந்தால் 20 மி.மீ. சின்னம் 18.75 மி.மீ. ஆகிவிடும். திரையில் யாருக்கும் தெரியாது. திருகுத் துளைக்குச் சுற்றிலும் வளையமாக வரைந்த சின்னமாக இருந்தால் போர்டு கைக்கு வந்த பிறகே தெரியும். இப்போது பல மென்பொருள்கள் எஸ்விஜியை நேரடியாக ஏற்கின்றன, ஆகவே என்னைக் கேட்டால் இந்த வழியையே முதலாவதாகச் சொல்வேன். ஆனால் உள்ளே போனதும் அளவுக் கருவியால் சின்னத்தின் அகலத்தை ஒரு முறை அளக்காமல் விடக்கூடாது.

எஸ்விஜியை மையமாக வைத்தே சிலர் வெகுதூரம் போயிருக்கிறார்கள். சார் ட்ரைமர் எழுதிய பிசிபிமோட், முழு போர்டையுமே எஸ்விஜி சித்திரமாக வரையச் சொல்கிறது. செம்புத் தடங்கள் கொடிபோல வளையும் அவருடைய போர்டுகளைப் பார்த்தவர்களுக்குப் போர்டு நேர்கோட்டிலும் 45 பாகையிலும்தான் ஓட வேண்டும் என்ற எண்ணம் போய்விடும். எஸ்விஜி2ஷென்ஜென் என்ற இணைப்பு இங்க்ஸ்கேப்பில் அடுக்கு அடுக்காக வரைந்ததைக் கைகேட் கோப்பாக்கித் தருகிறது. கெர்போலைஸ் என்ற கருவி வடிவமைப்பு மென்பொருளைத் தொடாமலே, முடிந்த கெர்பர் கோப்பின் மேல் சித்திரத்தை ஏற்றுகிறது. இந்தக் கடைசிக் கருவியில் எனக்குத் தயக்கம் உண்டு. சின்னம் மூலக்கோப்பில் இல்லாமல் வெளியேறும் கோப்பில் மட்டும் இருந்தால், அடுத்த பதிப்பு போடுபவர் அதை மறந்துவிடுவார்.

வெக்டராகக் கொண்டுவந்தாலும் ஓட்டைகள் தகராறு செய்யும். சுழி உள்ள எழுத்து, வளையம், நடுவில் வெற்றிடம் விட்ட வட்டம் ஆகியவற்றில் உள் எல்லையும் வெளி எல்லையும் இருக்கும். எது நிரப்பு, எது வெற்றிடம் என்பதற்கு ஓவிய மென்பொருளில் இரண்டு விதிகள் உண்டு. வரைந்தவர் ஒன்றை எண்ணியிருக்க, இறக்குபவர் மற்றதை எடுத்துக்கொண்டால் சுழி முழுதும் அடைபட்டுவிடும். கெர்பரின் நிரப்பு எல்லைக்குள் ஓட்டை என்பதே கிடையாது. உள் எல்லையை வெளி எல்லையோடு இணைக்கும் மெல்லிய வெட்டு ஒன்றைப் போட்டோ, நிரப்பிய பின் நடுவை அழிக்கும் கட்டளை கொடுத்தோதான் ஓட்டை உண்டாக்க வேண்டும். ஸ்டென்சில் தகட்டில் எழுத்து வெட்டுபவர் நடுத்துண்டு விழாமல் இருக்கப் பாலம் விடுவாரே, அது போன்றதுதான் இது. தன்னைத்தானே குறுக்காக வெட்டிக்கொள்ளும் கோடு இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: திரையில் ஒரு விதமாகவும் தொழிற்சாலையில் வேறு விதமாகவும் நிரம்பும். ஓவிய மென்பொருளிலேயே எல்லா வடிவங்களையும் ஒன்றாக இணைத்து, மேல்விழுவதை நீக்கி, அதன் பிறகு அனுப்புவதே சரி.

இந்த இடத்தில் தோல் வேலையின் அறிவு நேராக உதவுகிறது. டை செய்பவர் கோட்டின் அகலத்தை மட்டும் பார்ப்பதில்லை. கோடுகளுக்கு நடுவே உள்ள இடத்தையும் பார்ப்பார். ஆவாரையில் பதனிட்ட தோல் ஈரத்திலும் சூட்டிலும் அழுத்தத்தை வாங்கி அப்படியே வைத்துக்கொள்ளும். குரோமில் பதனிட்டது மீண்டு எழும், நுணுக்கம் குறையும். ஆகவே ஒரே சின்னத்துக்கு எந்தத் தோல் என்பதைப் பொறுத்து இரண்டு வரைபடம் வைத்திருப்பது தொழிலில் இயல்பு. போர்டிலும் அப்படியே செய்ய வேண்டும். மையில் அச்சிடும் சின்னத்துக்குக் கோடு தடிப்பாகவும் இடைவெளி தாராளமாகவும் உள்ள ஒரு வரைபடம், செம்புக்குச் சற்று மெல்லிய ஒன்று, 8 மி.மீ.க்குக் கீழே போனால் எழுத்தை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் வைத்த மூன்றாவது. நிறச் சாயலும் நிழலும் உள்ள முழுச் சின்னத்தை மென்பொருள் தானாக எளிமையாக்கும் என்று காத்திருப்பது வீண். அதை மனிதர் உட்கார்ந்து மறுபடி வரைய வேண்டும். ஷூ கம்பெனியின் சாம்பிள் அறை இதற்கு ஒரு நாளை ஒதுக்குகிறது; போர்டு வரைபவர் கடைசி அரை மணி நேரத்தைத்தான் தருகிறார்.

செம்பில் சின்னம் வைப்பதற்கு மின்சாரம் சார்ந்த நிபந்தனைகள் உண்டு. எந்த இணைப்பிலும் சேராத செம்புத் தீவை மென்பொருளின் விதிச் சோதனை பிழையாகக் காட்டும். அந்தப் பிழையை அடக்குவதற்காகச் சோதனையையே அணைத்துவிடுவது மிகக் கெட்ட பழக்கம். சின்னத்தை ஃபுட்பிரின்டாக்கி, தரை இணைப்பில் சேர்த்துவிட்டால் போதும். வானலை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் செம்புச் சின்னம் கூடவே கூடாது. அங்கே செம்பில்லாத வெற்றிடம் என்பது கணக்கிட்டு விட்டது. 230 வோல்ட் வரும் பகுதியில் திறந்த செம்பு பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிடும்.

செம்பைத் திறந்து வைக்காமல் இருக்க இந்தப் பகுதிக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. தோலின் பரப்பைச் சதுர அடியில் அளந்து காட்டும் இயந்திரம், டிரம் கட்டுப்பாடு, பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் அளவிகள் என்று டேனரிகளைச் சுற்றி எத்தனையோ போர்டுகள் ஓடுகின்றன. டேனரிக் கழிவு பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு கழிவுநீரைக் கண்காணிப்பது இங்கே தவிர்க்க முடியாத வேலையாகிவிட்டது. தோலிலிருந்து முடி நீக்க டேனரியில் சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அது அமிலத்தைச் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். ஆளையே கொல்லக்கூடிய அந்த வாயு, மிகக் குறைந்த அளவில் இருக்கும்போதும் செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். வெள்ளி முலாம் பூசிய போர்டுகளில் சல்பைடு படலமாக ஊர்ந்து பக்கத்துத் தடங்களை இணைத்துவிடுவது, ஈயத்தைக் கைவிடச் சொன்ன 2006 ஐரோப்பிய விதிக்குப் பிறகு காகித ஆலை, கழிவுநீர் நிலையம் போன்ற இடங்களில் நன்றாக ஆராயப்பட்ட கோளாறு. டேனரிக்குப் போகும் போர்டில் மாஸ்க்கைத் திறந்து பளபளக்கும் சின்னம் வைப்பது அந்தக் கோளாறுக்கு வாசல் திறந்து வைப்பது. அங்கே மைதான் சரி. அதன் மேல் காப்புப் பூச்சும் வேண்டும்.

சட்டம் கேட்கும் குறிகளையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவில் அப்பர், லைனிங், சோல் ஒவ்வொன்றும் எதனால் ஆனது என்பதைத் தோல் உருவம், வலை உருவம் போன்ற குறிகளால் காட்ட 1994ன் ஐரோப்பிய ஆணை சொல்கிறது; அப்பரின் பரப்பில் 80 சதவீதம் எந்தப் பொருளோ அதையே காட்ட வேண்டும். ஆம்பூரில் இந்த உருவங்களை அறியாத சாம்பிள் அறை இருக்காது. மின்னணுப் பொருளுக்கும் சிஇ குறி, குறுக்குக் கோடிட்ட குப்பைத்தொட்டி ஆகியவை உண்டு. சிஇ குறியின் உயரம் பொதுவாக 5 மி.மீ.க்குக் குறையக்கூடாது, இரண்டு எழுத்தின் வடிவமும் வட்டங்களை வைத்து வரையறுக்கப்பட்டது. இவற்றை இணையத்தில் கிடைத்த படத்திலிருந்து டிரேஸ் செய்யாமல், அதிகாரபூர்வ வெக்டர் கோப்பிலிருந்தே எடுக்க வேண்டும். சான்று இல்லாமல் ஐஎஸ்ஐ குறியைப் போடுவது 2016ன் இந்தியத் தர நிர்ணயச் சட்டப்படி குற்றம். மாதிரி போர்டில் அழகுக்காக இந்தக் குறிகளை வைக்கும் மாணவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி: தமிழ் எழுத்து. இந்த ஊர்களின் கடைப் பலகைகளில் தமிழும் உருதுவும் ஆங்கிலமும் சேர்ந்தே நிற்கின்றன. போர்டில் மட்டும் ஆங்கிலம் தவிர எதுவும் இல்லை. பிசிபி மென்பொருள்களின் பழைய எழுத்து முறை, பேனா ஓட்டம் போல ஒற்றைக் கோட்டில் வரையும் எழுத்து. ரோமன் எழுத்துக்காகப் பிறந்தது. கணினி எழுத்துருவை ஏற்கத் தொடங்கிய பிறகும் தமிழ் உடைந்தது. யூனிகோடில் 'கெ' என்பதை முதலில் ககரம், பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கிறோம். காட்டும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யும் பகுதி மென்பொருளில் இல்லை என்றால் கொம்பு பின்னால் தொங்கும். உருதுவிலும் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக, திசை மாறி நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் மட்டும் இந்தக் கோளாறு வராது, ஏனென்றால் அவற்றில் கொம்பைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுகிறோம். தமிழக அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. என்றாலும் இந்த ஒரு வேலைக்குப் பழைய எழுத்துரு கைகொடுக்கும்.

2023 பிப்ரவரியில் வந்த கைகேட் 7 கணினியில் உள்ள எழுத்துருக்களை நேராகப் பயன்படுத்த வழி செய்தது. எந்த மென்பொருளானாலும் தோற்காத முறை ஒன்று உண்டு: இங்க்ஸ்கேப்பில் தமிழில் எழுதி, எழுத்தை வெளிக்கோடாக மாற்றி, எஸ்விஜியாகக் கொண்டுபோவது. அதன் பிறகு அது எழுத்தாக இல்லாமல் வடிவமாகிவிடுவதால் எந்த மென்பொருளும் அதைக் கலைக்காது. பிழை திருத்த வேண்டுமென்றால் மறுபடி இங்க்ஸ்கேப்புக்கு வர வேண்டும், ஆகவே மூல எழுத்துள்ள கோப்பைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

அளவு விஷயத்தில் தமிழுக்கு ஆங்கிலத்தின் கணக்கு உதவாது. 1 மி.மீ. உயரத்தில் ஆங்கிலத் தலைப்பெழுத்து தெளிவாக வரும். அதே உயரத்தில் தமிழ் எழுதினால் புள்ளியின் விட்டம் ஏறத்தாழ 0.15 மி.மீ. ஆகிவிடும், மை அச்சின் கடைசி எல்லை அது. சில போர்டில் விழும், சிலதில் விழாது. 'மின்' என்பது 'மின' ஆகும். சுவிட்சுக்குப் பக்கத்தில் 'ஆஃப்' என்று எழுதினால் ஆய்தத்தின் மூன்று புள்ளியும் பகரத்தின் புள்ளியுமாக நான்கு இடத்தில் சொல் கெட வாய்ப்பு இருக்கிறது. ணகரத்தின் சுழிகளும் ஐகாரத்தின் உள் வளைவும் அடைபடுவது இதற்கு அடுத்த தொல்லை. 2 மி.மீ. உயரம், ஒரே தடிமன் உள்ள கோட்டெழுத்து, புள்ளியை மட்டும் கையால் 0.25 மி.மீ.க்குப் பெரிதாக்கிய வடிவம் என்று வைத்துக்கொண்டால் சாதாரணத் தொழிற்சாலையிலும் தாங்கும். தடித்தும் மெலிந்தும் ஓடும் புத்தக எழுத்துரு இதற்கு ஆகாது.

புள்ளியைப் பெரிதாக்குவது, சுழியைத் திறப்பது, கோட்டைச் சமன்படுத்துவது ஆகிய மூன்றும் எம்போஸ் டைக்குத் தமிழ்ப் பெயர் வரையும் ஒருவர் தினம் செய்யும் திருத்தங்கள்தான். அவர் கொடுக்கும் வெட்டுக்கோட்டைப் போர்டு மேசையில் இருப்பவர் எஸ்விஜியாக வாங்கிக்கொண்டு, சில்க்ஸ்கிரீன் அடுக்கில் இறக்கி, அகலத்தை அளந்து, கெர்பர் கோப்பை வேறொரு பார்வை மென்பொருளில் திறந்து சுழிகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். பின்பக்கத்தில் வைப்பதாக இருந்தால் மட்டும் இன்னொன்று: மென்பொருள் அதைத் தானே கண்ணாடிப் பிம்பமாக்கிக்கொள்ளும், எம்போஸ் டைக்குத் திருப்பி வரைந்து பழகியவர் இங்கே நேராகவே கொடுக்க வேண்டும்.